சொன்னவர் இல்லாத சொல்: மரண வாக்குமூலமும் நேரில் கண்ட சாட்சியும்

1869ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கின் முடிவு ஒரே ஒரு சொல்லினால் மாறியது. சாகும் தறுவாயில் கிடந்த ஒரு பெண்ணிடம் மாஜிஸ்திரேட்டின் எழுத்தர் வாக்குமூலம் பெற்றார். பிழைப்போம் என்ற நம்பிக்கை இல்லாத நிலையில் அப்பெண் இதனைக் கூறுவதாக எழுதி, எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினார். அப்பெண் ஒரு திருத்தம் சொன்னார். 'தற்போதைக்கு' நம்பிக்கை இல்லை என்று எழுதும்படி கேட்டுக்கொண்டார். எழுத்தரும் அவ்வாறே சேர்த்தார். பின்னர் அப்பெண் இறந்தார். அவரால் சுட்டப்பட்டவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

மேல் நீதிமன்றம் அந்த ஒரு சொல்லை எடுத்து ஆராய்ந்தது. 'தற்போதைக்கு' என்று திருத்தியவரின் உள்ளத்தில் ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கை எஞ்சியிருந்திருக்கலாம். அக்காலத்து ஆங்கிலச் சட்டமோ எள்ளளவு நம்பிக்கையும் இல்லாத நிலையில் கூறப்பட்ட சொல்லை மட்டுமே மரண வாக்குமூலமாக ஏற்றது. ஆகவே வாக்குமூலம் ஏற்கத்தகாதது என முடிவாயிற்று. அதன் மேல் நின்ற தண்டனையும் நீக்கப்பட்டது. சட்ட நூல்களில் இது ஜெங்கின்ஸ் வழக்கு எனப்படுகிறது.

மொழியைக் கற்பிக்கும் நமக்கும் கற்கும் நமக்கும் இவ்வழக்கு ஒரு கேள்வியை விடுத்துச் செல்கிறது. ஓர் உயிர் போன வழக்கில், மற்றோர் உயிர் போகக்கூடிய வழக்கில், ஒரு சொல்லை எவ்வாறு கேட்பது, எவ்வாறு எழுதுவது, எவ்வாறு எடைபோடுவது? மரண வாக்குமூலத்தின் வரலாற்றை இக்கேள்வியின் துணைகொண்டு இங்குத் தொடர்ந்து செல்வோம். இறக்கின்றவர் பொய் சொல்லார் என்ற நம்பிக்கையில் இவ்வரலாறு தொடங்குகிறது. எச்சொல்லும் அதன் சூழலோடு வைத்து எடைபோடப்பட வேண்டும் என்ற தெளிவில் வந்து நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றமே நம் பேச்சின் பொருள்.

சத்தியத்துக்கு ஈடான மரணம்

நீதிமன்றம் ஒருவரின் சொல்லை நம்புவதற்கு முன் மூன்று காப்புகளை வைத்திருக்கிறது. சாட்சி உறுதிமொழி எடுத்துக்கொண்டு பேச வேண்டும். நீதிபதியின் கண்முன் நின்று பேச வேண்டும். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கு விடை கூற வேண்டும். வேறொருவர் சொல்லக் கேட்டதை வந்து கூறுவது செவிவழிச் சாட்சியம். பொதுவாக அது ஏற்கப்படுவதில்லை. சொன்னவர் வேறு, கூண்டில் நிற்பவர் வேறு ஆகையால், கூண்டில் நிற்பவரை எத்துணை வினவினாலும் மூலச்சொல்லின் உண்மையை அடைய முடியாது.

கொலை வழக்கில் இவ்விதி ஒரு சங்கடத்தைத் தருகிறது. நடந்ததை எல்லாரினும் அருகிலிருந்து அறிந்தவர் இறந்துபோனவரே. அவர் இறுதியாகக் கூறியதைச் செவிவழிச் சாட்சியம் என்று தள்ளிவிட்டால், கொலையாளி தன் செயலாலேயே தனக்கு எதிரான முதற்சாட்சியை நீக்கிக்கொண்டவன் ஆவான். ஆகவே ஆங்கிலச் சட்டம் இதற்கு ஒரு விலக்கு அளித்தது. 1789இல் உட்காக் வழக்கில் தலைமை நீதிபதி ஐயர் இதற்குரிய காரணத்தை விளக்கினார். இவ்வுலக நம்பிக்கை யாவும் அற்றுப்போன நிலையில், பொய் சொல்வதற்கான நோக்கங்கள் அடங்கிவிடுகின்றன. அந்நிலை தரும் அச்சமும் கடப்பாடும் நீதிமன்றத்தில் எடுக்கும் உறுதிமொழிக்கு ஈடானவை என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

இது சமய நம்பிக்கையில் வேரூன்றிய விதி. அதனால்தான் நம்பிக்கை முற்றும் அற்றுவிட்டதா என்று இறப்பவரின் உள்ளத்தைச் சட்டம் துருவிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஜெங்கின்ஸ் வழக்கில் 'தற்போதைக்கு' என்ற சொல் அவ்வளவு பெரிய பொருளைப் பெற்றதும் அதனாலேயே.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1872இல், இந்தியச் சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை வரைந்தவர் அரசப் பிரதிநிதியின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். அதன் 32ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, இறந்தவர் தம் மரணத்தின் காரணத்தைப் பற்றியோ, அம்மரணத்தில் முடிந்த நிகழ்ச்சியின் சூழ்நிலைகளைப் பற்றியோ கூறியது ஏற்கத்தக்கது என்றது. அவ்வாறு கூறியபோது அவர் சாவை எதிர்பார்த்திருந்தாரா இல்லையா என்பது பொருட்டன்று என்றும் வெளிப்படையாகக் கூறியது.

இம்மாற்றத்தின் ஆழத்தை நாம் உணர வேண்டும். 'தற்போதைக்கு' என்ற சொல் இப்புதிய சட்டத்தின்கீழ் எவரையும் விடுவித்திருக்காது. மரண அச்சம் உண்மையைக் கொண்டுவரும் என்ற அடித்தளத்தைச் சட்டம் கைவிட்டுவிட்டது. அதற்கு மாற்றாக எஞ்சிய காரணம் எளியது: அவர் இனி வரமாட்டார், அவர் சொல் மட்டுமே உண்டு. ஆயின் அச்சமூட்டும் காப்பு நீங்கியபின், அச்சொல்லை நம்புவதற்கு வேறு காப்பு எது என்ற வினா எழுந்தது. அவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு நீதிபதிகளைச் சார்ந்தது.

நம் நாடுகளுக்கு வந்த வழி

இச்சட்டம் நமக்கு அயலானது அன்று. ஸ்டீஃபன் வரைந்த சட்டத்தைப் பின்பற்றியே 1893இல் நீரிணைக் குடியேற்றங்களின் சாட்சியச் சட்டம் உருவாயிற்று. சிங்கப்பூரின் இன்றைய சாட்சியச் சட்டம் அதன் வழிவந்தது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இரு நாடுகளிலும் மரண வாக்குமூலம் இன்றும் 32ஆம் பிரிவிலேயே இடம்பெற்றுள்ளது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டமும் இதன் உடன்பிறப்பே. இந்தியாவிலோ 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் இது 26ஆம் பிரிவாக எண் மாறியுள்ளது, உள்ளடக்கம் மாறவில்லை.

ஆதலால் அலகாபாத்திலும் சென்னையிலும் கொழும்பிலும் எழுந்த வழக்குகளில் கூறப்பட்ட விளக்கங்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சட்டம் பயில்வோர்க்குப் பாடமாயின. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இந்நாடுகள் அனைத்திற்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக விளங்கிய காலத்தில் இப்பிணைப்பு மேலும் இறுகியது.

சைகையும் சொல்லாகுமா

முதலில் எழுந்த பெருங்கேள்வி மொழியைப் பற்றியதாகவே இருந்தது. 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வின்முன் வந்த அப்துல்லா வழக்கில், கழுத்து அறுக்கப்பட்ட ஒரு பெண்ணால் பேச இயலவில்லை. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. அவரிடம் பெயர்களைச் சொல்லிக் கேட்டபோது, கையசைவால் ஆம் என்றும் இல்லை என்றும் காட்டினார். அவர் வாய்திறந்து ஒரு சொல்லும் கூறவில்லை. சட்டமோ எழுத்தாலோ சொல்லாலோ அமைந்த கூற்று வேண்டும் என்கிறது. அவ்வாறாயின் கையசைவு கூற்றாகுமா?

கேட்கப்பட்ட வினாவையும் அதற்கு விடையான சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது சொல்லால் அமைந்த கூற்றே என்று அம்மன்றத்தின் பெரும்பான்மை முடிவு அமைந்தது. பின்னர் இலங்கையிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற சந்திரசேகர வழக்கிலும் இதே நிலை. கழுத்தறுபட்ட ஒரு பெண், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது தலையசைத்தார். அத்தலையசைவைச் சாட்சியமாக ஏற்றது சரியே என்று பிரிவி கவுன்சில் கூறியது.

சைகையும் மொழியே என்ற இம்முடிவு நமக்கு உவப்பானதுதான். ஆயினும் இதனுள் ஓர் எச்சரிக்கையும் மறைந்திருக்கிறது. சைகையால் விடை கூறுபவர் பெயரைத் தாமாகச் சொல்வதில்லை. பெயர் கேட்பவரின் வாயிலிருந்து வருகிறது. இறப்பவர் அதற்கு இசைகிறார் அல்லது மறுக்கிறார். எத்தனை பெயர்கள் கேட்கப்பட்டன, எந்த வரிசையில் கேட்கப்பட்டன, மறுக்கப்பட்ட பெயர்கள் உண்டா, கேட்டவர் எவர்மேல் ஐயம் கொண்டிருந்தார் ஆகியவை தெரிந்தால்தான் அச்சைகைக்குப் பொருள் சொல்ல முடியும். விடையை மட்டும் எழுதி வினாவை விட்டுவிட்டால், எழுதியவரின் ஐயம் இறந்தவரின் சாட்சியமாக மாறிவிடக்கூடும்.

முத்துப்பேட்டை: ஒரு சாட்சி போதுமா

இந்தியா விடுதலை பெற்றபின் இக்கேள்விகள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. 1957ஆம் ஆண்டில் ஐந்தரை மாத இடைவெளியில் அம்மன்றம் இரண்டு கொலை மேல்முறையீடுகளில் தீர்ப்பளித்தது. ஒன்று நேரில் கண்ட சாட்சியைப் பற்றியது. மற்றது மரண வாக்குமூலத்தைப் பற்றியது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் நீதிபதி புவனேசுவர் பிரசாத் சின்ஹா. பின்னாளில் 1959 முதல் 1964 வரை இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர். இவ்விரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது நன்று. ஒன்று மற்றதை விளக்குகிறது.

முதலாவது, வடிவேலு தேவர் எதிர் சென்னை அரசு. தஞ்சை மாவட்டத்தின் முத்துப்பேட்டையில் தேநீர்க் கடை வைத்திருந்த ஒருவர் 1955 நவம்பரில் இரவு நேரத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அரசுத் தரப்பின் வழக்கு, நிகழ்ச்சியை நேரில் கண்ட ஒரே சாட்சியான அவருடைய மனைவியின் சொல்லைச் சார்ந்து நின்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. ஒரே ஒருவரின் சொல்லை வைத்து ஒருவரைத் தூக்கிலிடலாமா என்பது உச்ச நீதிமன்றத்தின்முன் எழுப்பப்பட்ட கேள்வி.

1957 ஏப்ரல் 12 அன்று வெளிவந்த தீர்ப்பு, ஒரு செய்தியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் எண்ணிக்கை வைக்கவில்லை என்பதை நினைவூட்டியது. இந்தியச் சட்டத்தில் 134ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, மலேசியச் சட்டத்திலும் அதே எண்ணில் உள்ளது. நீதிபதி சின்ஹா சாட்சிகளை மூவகையாகப் பகுத்தார். முழுதும் நம்பத்தக்கவர் ஒரு வகை. அவர் ஒருவரே போதும். முழுதும் நம்பத்தகாதவர் மற்றொரு வகை. அத்தகையோர் பலர் வந்தாலும் பயனில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டவர் மூன்றாம் வகை. அவர் சொல்லுக்கு வேறு ஆதரவு தேடப்பட வேண்டும். அவர் மேலும் ஒரு நடைமுறை உண்மையைச் சுட்டினார். குறைந்தது இருவராவது வேண்டும் என்று நீதிமன்றங்கள் வற்புறுத்தினால், ஒருவர் மட்டுமே கண்ட குற்றங்கள் தண்டனையின்றிப் போகும். இல்லையேல் பொய்ச் சாட்சிகளைத் தேடிப் பிடிக்கும் வழக்கம் வளரும். சாட்சி ஒருவரே என்பதற்காகத் தண்டனையைக் குறைக்க வேண்டும் என்ற வாதமும் ஏற்கப்படவில்லை. மெய்ப்பிக்கப்பட்டதா என்பது ஒரு கேள்வி. என்ன தண்டனை என்பது வேறொரு கேள்வி. மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

சிலப்பதிகாரத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இவ்விடத்தில் பாண்டியன் நினைவுக்கு வருவான். அவன் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைக் கேட்டது மட்டுமே பிழை என்று கூறுவதற்கில்லை. அச்சொல் எத்தகையவன் சொல், அவனுக்கு இதில் என்ன ஆதாயம், எதிரே நிற்பவன் என்ன சொல்கிறான் என்று ஆராயாமல் விட்டதே பிழை. சொன்னவர் ஒருவர் என்பதைக் காட்டிலும், சொல் எடைபோடப்படவில்லை என்பதே கோவலனின் உயிரைக் கொண்டது.

நாகபுரி: இறந்தவர் சொல் மட்டும் போதுமா

இரண்டாவது வழக்கு, குசால் ராவ் எதிர் பம்பாய் மாநிலம். நாகபுரியில் ஆலைத் தொழிலாளர்களிடையே இரு பிரிவினர் பகைமை கொண்டிருந்தனர். 1956 பிப்ரவரி 12 அன்று இரவு ஏறத்தாழ 9 மணிக்கு ஒருவர் வாளாலும் ஈட்டியாலும் தாக்கப்பட்டார். அவரை மேயோ மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். 9.25 மணிக்கு அவரைப் பார்த்த மருத்துவர், என்ன நடந்தது என்று கேட்டு விடையைக் குறித்துக்கொண்டார். குசால், துக்காராம் என்னும் இருவர் தம்மைத் தாக்கியதாக அவர் கூறினார். அடுத்து ஒரு காவல்துறை உதவி ஆய்வாளர் வந்து அவர் கூற்றைப் பதிவு செய்தார். பின்னர் மாஜிஸ்திரேட் ஒருவர் 11.15 மணி முதல் 11.35 மணி வரை வாக்குமூலம் பெற்றார். மறுநாள் காலை அவர் இறந்தார்.

பகை முற்றிய இரு பிரிவினரிடையே நிகழ்ந்த குற்றத்தில், நேரில் கண்டதாகக் கூறுவோரின் சொல்லில் எந்த அளவு கண்டது, எந்த அளவு பகை என்று பிரிப்பது எளிதன்று. ஆகவே தண்டனைக்கு முதன்மையான அடித்தளமாக நின்றவை அந்த வாக்குமூலங்களே. விசாரணை நீதிமன்றம் குசாலுக்கு மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆயினும் உச்ச நீதிமன்றத்துக்குச் செல்ல அதுவே சான்றிதழும் வழங்கியது. அதற்குக் காரணம் இருந்தது.

1953இல் ராம்நாத் மாதோபிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கருத்தைக் கூறியிருந்தது. மரண வாக்குமூலம் உறுதிமொழியின்மேல் கூறப்படுவதன்று. குறுக்கு விசாரணைக்கு உட்படுவதன்று. கூறுபவர் உடலாலும் உள்ளத்தாலும் குழம்பியிருக்கலாம். ஆகவே வேறு ஆதரவின்றி அதனை மட்டும் வைத்துத் தண்டிப்பது பாதுகாப்பானதன்று என்பது அக்கருத்து. இது விதி என்றால் குசாலின் தண்டனை நிற்காது.

நீதிபதி சின்ஹா முன்னைய தீர்ப்புகளைத் தேடிச் சென்றார். அவற்றுள் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று சிறப்பிடம் பெற்றது. 1940ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவான குருசாமி தேவர் வழக்கில் அம்மன்றத்தின் முழு அமர்வு, இதற்கென மாறாத விதி எதையும் வகுக்க முடியாது; ஒவ்வொரு வாக்குமூலமும் அதன் சூழ்நிலையோடு வைத்து எடைபோடப்பட வேண்டும் என்று ஒருமனதாகக் கூறியிருந்தது. நாகபுரியில் எழுந்த வழக்குக்கு விடை, சென்னையில் முன்பே எழுதப்பட்டிருந்தது எனலாம்.

1957 செப்டம்பர் 25 அன்று வந்த தீர்ப்பு இதனை ஏற்றது. 1953இல் கூறியது அவ்வழக்கின் முடிவுக்குத் தேவைப்படாத கருத்தே. அது விதியாகாது என்றது. மரண வாக்குமூலம் பிற சாட்சியங்களைக் காட்டிலும் தாழ்ந்த வகையைச் சேர்ந்தது அன்று. அது முழுதும் நம்பத்தக்கதாயின் அது மட்டுமே தண்டனைக்குப் போதும். நம்பத்தகாததாயின் அதனைத் தாங்க வேறு ஆதரவு வேண்டும். அவ்வாறு ஆதரவு தேவைப்படுவது அவ்வழக்கின் வாக்குமூலத்தில் உள்ள குறையால்தான். மரண வாக்குமூலம் என்ற வகையின் குறையால் அன்று.

எடைபோடும் முறையையும் தீர்ப்பு வகுத்துத் தந்தது. இறந்தவர் தாக்கியவரைப் பார்க்க வாய்ப்பு இருந்ததா? இரவாயின் போதிய வெளிச்சம் இருந்ததா? நினைவில் வைத்துச் சொல்லும் ஆற்றல் அவரிடம் குன்றாமல் இருந்ததா? பலமுறை கூறியிருந்தால் ஒரே செய்தியைக் கூறினாரா? தக்க முதல் வாய்ப்பிலேயே கூறினாரா? அக்கறையுடையோர் எவரேனும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? இவற்றோடு, தகுதியுள்ள மாஜிஸ்திரேட் வினா விடையாகவும், இயன்றவரை கூறியவரின் சொற்களிலேயும் எழுதிய வாக்குமூலம், பிறர் நினைவிலிருந்து வாய்மொழியாகக் கூறுவதைக் காட்டிலும் மிக உயர்ந்த நிலையில் வைக்கத்தக்கது என்றும் தீர்ப்பு கூறியது.

குசாலின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. ஸ்டீஃபனின் சட்டம் விட்டுச்சென்ற வினாவுக்கு இதுவே விடை. மரண அச்சம் என்ற காப்பு நீங்கிய இடத்தில், கேட்பவரின் கவனம் என்ற காப்பு வந்து அமர்ந்தது.

மற்றொரு பெயர்

இவ்வழக்கில் நாம் மறக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு. இறந்தவர் இருவர் பெயரைக் கூறினார். ஒருவரின் தண்டனை உச்ச நீதிமன்றம் வரை நிலைத்தது. மற்றவரான துக்காராம் உயர் நீதிமன்றத்திலேயே விடுதலை பெற்றார்.

இறந்தவர் பொய் சொன்னார் என்று எவரும் முடிவு செய்யவில்லை. அவ்வட்டாரத்தில் துக்காராம் என்ற பெயருடையோர் ஒருவருக்கு மேற்பட்டோர் இருந்தனர். வாக்குமூலத்தில் அப்பெயரோடு வந்த சாதி அடைமொழி, கூண்டில் நின்ற துக்காராமுக்குப் பொருந்தவில்லை. சொல் உண்மையாக இருக்கலாம். அச்சொல் சுட்டிய ஆள் இவர்தாம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் 'எந்தத் துக்காராம்?' என்று ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும். அக்கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் பிப்ரவரி 12 இரவு. அந்நேரம் கடந்தபின் எந்த நீதிமன்றத்தாலும் அதனைக் கேட்க இயலவில்லை.

ஒரே நாவிலிருந்து வந்த இரு பெயர்களுள் ஒன்று ஒருவரைத் தூக்குமேடைத் தண்டனைக்கு உட்படுத்தியது. மற்றொன்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது. இறப்பவர் சொல் அப்படியே புனிதமானது என்றிருந்தால் இருவரும் ஒரே முடிவை அடைந்திருப்பர். அச்சொல் அப்படியே ஐயத்துக்குரியது என்றிருந்தாலும் இருவரும் ஒரே முடிவையே அடைந்திருப்பர். எடைபோட்டதனால்தான் முடிவுகள் வேறாயின.

பின்னாளில் 2002இல் லட்சுமண் எதிர் மகாராட்டிரம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதே நெறியை மேலும் ஓர் அடி கொண்டுசென்றது. வாக்குமூலம் கொடுத்தவர் தெளிந்த நிலையில் இருந்தார் என்ற மருத்துவரின் சான்றிதழ் இல்லை என்பதனால் மட்டும் வாக்குமூலம் தள்ளுபடி ஆகாது. பதிவு செய்தவர் அத்தெளிவை நேரில் உணர்ந்து உறுதி கொண்டாரா என்பதே முதன்மை என்றது. இங்கும் சட்டம் தாளை விட்டு, அருகிலிருந்து கேட்டவரின் பொறுப்பையே நோக்குகிறது.

தமிழில் கூறப்பட்ட சொல்

இனி நம் மொழிக்கு வருவோம். கூறியவரின் சொற்களிலேயே எழுத வேண்டும் என்ற நெறி, பல மொழிகள் வழங்கும் நாடுகளில் பெருஞ்சுமையாகிறது. காயம்பட்டவர் தமிழில் பேசலாம். கேட்பவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். நீதிபதி எழுதப்பட்டதைப் படிக்கிறார். சொன்னவர் அதற்குள் இல்லை. இடையில் நிகழ்ந்த மொழிமாற்றத்தில் என்ன போயிற்று, என்ன சேர்ந்தது என்று கேட்க அவர் வரமாட்டார்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். காயம்பட்ட ஒருவர், 'அவங்கதான் அடிச்சாங்க' என்கிறார். பேச்சுத் தமிழில் 'அவங்க' என்பது பலரையும் குறிக்கும். மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். தம்மைத் தாக்கியவர் மூத்தவராயினும், முதலாளியாயினும், வழக்கமான மரியாதைச் சொல்லிலேயே நம் மக்கள் குறிப்பிடக்கூடும். எழுதுபவர் அதனைப் பன்மையாக மொழிபெயர்த்துவிட்டால், ஒருவர் செய்த குற்றம் பலர் கூடிச் செய்த குற்றமாகிவிடும். அருகில் நின்றிருந்தவர்களும் கூண்டில் ஏற நேரும். மாறாகப் பலரைக் குறித்த சொல்லை ஒருவர் எனக் கொண்டால், உண்மையில் கைநீட்டியவர்கள் தப்பிப்பர்.

'அண்ணன் குத்திட்டாரு' என்பது மற்றொன்று. உடன்பிறந்த தமையனா, உறவில் மூத்தவரா, அல்லது அக்கம்பக்கத்தில் எல்லாரும் அண்ணன் என்று அழைக்கும் ஒருவரா? நம் உறவுச் சொற்கள் அன்பின் எல்லையை விரிக்கின்றன. அதே வேளையில் ஆளின் அடையாளத்தை மங்கச் செய்கின்றன. எழுவாயே இல்லாமல் 'வெட்டிட்டான்' என்று முடியும் தொடரில் வெட்டியவன் ஆண் என்பதும் ஒருவன் என்பதும் வினைமுற்றிலேயே தெரிகின்றன; இவ்வேறுபாடு இல்லாத மொழியில் எழுதும்போது அவ்விரு செய்திகளும் மறைந்துபோகலாம். நாகபுரியில் ஒரு பெயர் செய்ததை நம் இல்லங்களில் ஒரு விகுதி செய்துவிட முடியும்.

ஆகவே தமிழ் இலக்கணத்தில் நாம் கற்பிக்கும் திணை, பால், எண், இடம் ஆகியவை தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. மரியாதைப் பன்மையையும் உண்மைப் பன்மையையும் வேறுபடுத்தி அறியும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நீதிமன்றத்தில் இருப்பது, ஒரு மனிதர் உயிரோடு இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் இடைப்பட்ட வேறுபாடாக அமையக்கூடும். நம் மாணவர்களுள் சிலர் நாளை அப்பணிக்குச் செல்வர். சிலர் காவல்துறையிலும் மருத்துவமனையிலும் பணியாற்றுவர். மருத்துவர் 9.25 மணிக்குக் கேட்டு எழுதியதைப் போன்ற முதற்பதிவு, நாளை அவர்களுள் ஒருவரின் கையெழுத்தில் இருக்கக்கூடும்.

இத்தகையோர்க்கு மேற்கண்ட வழக்குகள் தரும் பாடம் கடினமானதன்று. கேட்ட வினாவையும் எழுத வேண்டும். விடையைக் கூறியவரின் மொழியில், கூறியபடியே முதலில் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பு அதன்பின் வரட்டும். பெயர் கூறப்பட்டால் எந்த ஆள் என்று கேட்க வேண்டும். 'அவங்க' என்றால் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும்; திருத்தினால் திருத்தத்தையும் பதிய வேண்டும். 1869இல் அந்த எழுத்தர் செய்ததும் இதுவே. தாம் எழுதிய தொடரைப் படித்துக் காட்டினார். பெண் திருத்தியபோது அச்சொல்லை மறைக்காமல் சேர்த்தார். அதன் விளைவு வழக்குக்கு எதிராகச் சென்றது. எனினும் அப்பெண் கூறியது அதுதான்.

வகுப்பறையில் செய்து பார்க்கத்தக்க ஒரு பயிற்சியைக் கூறி இவ்வுரையை நிறைவு செய்வோம். ஒரு மாணவர் தாம் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியைப் பேச்சுத் தமிழில் சொல்லட்டும். மற்றொருவர் அதனை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும். மூன்றாமவர் எழுதப்பட்டதை மட்டும் பார்த்து, என்ன நடந்தது, யார் செய்தார், எத்தனை பேர் என்று கூறட்டும். பிறகு முதல் மாணவரிடம் அது சரியா என்று கேட்கலாம். வகுப்பறையில் அவரிடம் கேட்க முடிகிறது. அவ்வாறு கேட்க முடியாத இடங்களுக்காகவே இப்பயிற்சி.